அஸ்திவாரம் தோண்டும்போதே கேட்க வேண்டும்

பக்கத்து மனையில் நான்கு மாடி வணிக வளாகம் எழும்பிவிட்டது. வண்டி நிறுத்த இடம் விடவில்லை. சரக்கு லாரி திரும்ப வழியில்லை. எப்படித்தான் அனுமதி கொடுத்தார்களோ! நம் கடைவீதிகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அனுமதி விதிமீறல் என்றால் அதை எதிர்த்து ஐகோர்ட்டில் ரிட் மனு போடலாம். ஆனால் தூண் எழும்பும்போது வேடிக்கை பார்த்துவிட்டு, திறப்பு விழா அழைப்பிதழ் வந்த பிறகுதான் நம்மவர்கள் வக்கீலைத் தேடுகிறார்கள்.

புரோநோட்டுக்கு மூன்று வருஷம் கெடு என்பது வணிகர் அனைவரும் அறிந்தது. ரிட் மனுவுக்கு? அரசியல் சட்டம் 226ஆவது பிரிவில் நாள் கணக்கே இல்லை. இங்கிலாந்தில் கட்டட அனுமதியை எதிர்க்க ஆறு வாரம்தான் என்று 2013 ஜூலையில் வரையறுத்துவிட்டார்கள். கடுமைதான், ஆனாலும் அங்குள்ளவருக்குத் தேதி தெரியும். இங்கே நாம் தாமதித்தோமா இல்லையா என்பதை நீதிபதிதான் முடிவு செய்வார்.

விற்பனை வரியைத் திருப்பிக் கேட்ட புகையிலை வியாபாரிகளின் பாய்லால் பாய் வழக்கில், 1964இல் சுப்ரீம் கோர்ட் ஓர் அளவுகோல் சொன்னது. சிவில் வழக்குக்குரிய கெடுவையே ரிட் மனுவுக்கும் பொதுவாக நியாயமான காலமாகக் கொள்ளலாம். ஆனால் அதற்கு உட்பட்ட தாமதத்தையும் கோர்ட் ஏற்க மறுக்கலாம் என்றது. எனவே மூன்று வருஷக் கணக்கைக் கட்டட வழக்கில் போட்டால் மோசம் போவோம். செங்கல் நாளுக்கு நாள் ஏறுகிறது. கடைகளை வாங்கியவர், வாடகைக்கு எடுத்தவர் என்று மூன்றாம் மனிதர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

பெங்களூர் கோரமங்கலாவில் அதுதான் நடந்தது. பலமாடிக் கட்டட அனுமதியை எதிர்த்து ஐகோர்ட்டில் ஜெயித்த குடியிருப்போர் அமைப்பு, 2005இல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. தாமதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். தன் உரிமையில் விழிப்பாக இல்லாதவனைக் கோர்ட் ஏன் காப்பாற்ற வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு.

அப்படியானால் கட்டி முடித்தவன் பிழைத்தானா? அதுவும் இல்லை. உடுப்பியில் கல்யாண மண்டபத்தைச் சினிமா தியேட்டராக்க நகராட்சி அனுமதித்தது. நகரத் திட்டத்துக்கு விரோதம். ஆனாலும் பணம் செலவாகிவிட்டதே என்று ஐகோர்ட் தலையிட மறுத்தது. செலவழித்த பணம் சட்டவிரோதத்தைச் சட்டமாக்காது என்று 1974இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. மீரட் சாஸ்திரி நகரில் வீட்டு மனையில் கடைகள் கட்டி வருஷக்கணக்காக வியாபாரம் செய்தவர்களுக்கு 2024 டிசம்பரில் வந்த தீர்ப்பும் அப்படியே. அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பது கடைக்காரருக்குக் கேடயமாகவில்லை. அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்கும் நம்மவர்கள் கட்டட அனுமதி நகலைப் பார்த்துவிட்டா கொடுக்கிறார்கள்?

வழக்கு என்று போனால் காரணமும் சரியாக இருக்க வேண்டும். போட்டிக்கடை வருகிறது, வியாபாரம் படுத்துவிடும் என்று மட்டும் சொன்னால் மனு நிற்காது. 1970இல் ஓர் அரிசி ஆலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. ரோட்டின் அகலம், வண்டி நிறுத்துமிடம், சாக்கடை, தீ விபத்துக்கு வழி, இவற்றில் விதிமீறல் உண்டா என்று பாருங்கள்.

இன்னொரு பழக்கம், கலெக்டருக்கு மனு, கமிஷனருக்கு மனு, மறுபடியும் நினைவூட்டு மனு என்று எழுதிக்கொண்டே இருப்பது. பழைய விஷயத்துக்கு மனுமேல் மனு கொடுத்தாலும், அதற்குப் பதில் வந்தாலும், போன காலம் திரும்பாது என்று தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே 2008இல் தீர்ப்பாகியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வரைபட நகல் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள். அதற்குள் ஒரு தளம் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். ஆகவே பள்ளம் தோண்டும் வாரத்திலேயே விண்ணப்பம் போக வேண்டும். தேதியோடு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. செயற்குழு கூடுவது மாதம் ஒருமுறை. கட்டட அனுமதி விஷயத்தில் மட்டும் அடுத்த கூட்டம்வரை காத்திராமல், தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு உடனே வக்கீலிடம் போகலாம் என்று இந்த மாதமே தீர்மானம் நிறைவேற்றி வைக்கலாம்.