உஷார்! தி.நகரில் பழைய ஃபிளாட்டை இடிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

தியாகராய நகரில் பழைய ஃபிளாட் வைத்திருப்பவர்களே, வெளிநாட்டில் இருந்துகொண்டு "அப்பா, பில்டர் கேட்கிற இடத்தில் போட்டுவிடுங்கள்" என்று போனில் சொல்லும் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள்.

கடை நெரிசல் தாங்காமல் வீட்டை விற்றுவிட்டு மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் போன குடும்பங்கள் எத்தனையோ. இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் வந்தது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம்வரை ஆகாய நடைமேடை திறந்தார்கள். பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோ. ஊர் நடுவில் குடியிருக்க மறுபடி ஆள் வருகிறது. அதனால்தான் பசுல்லா சாலை, ஹபிபுல்லா சாலைப் பக்கத்து மூன்று மாடிக் கட்டடங்களின் கதவை பில்டர்கள் தட்டுகிறார்கள். புது ஃபிளாட் இலவசம், லிஃப்ட், கார் நிறுத்த இடம், கட்டி முடியும்வரை வெளி வாடகையும் அவர்களே தருவார்களாம்.

கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழும் கட்டடத்தை இடித்துத்தான் ஆகவேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. என் பயமெல்லாம் பத்திரத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. பழைய விதிப்படி மனையைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம்: 7,200 சதுர அடி, ஆறு ஃபிளாட், ஒவ்வொன்றும் 1,200. யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத மனைப் பங்கு ஒருவருக்கு 800 சதுர அடி. 2019-ல் வந்த கட்டட விதிகள் அதை மனையைப் போல இரண்டு மடங்காக உயர்த்தின. இப்போது 9,600 சதுர அடி, எட்டு ஃபிளாட், அதே 1,200; கூடுதல் இரண்டும் பில்டருக்கு. ஆனால் உங்கள் மனைப் பங்கு 600 ஆகிவிட்டது. 200 சதுர அடி தி.நகர் மண் உங்கள் கையைவிட்டுப் போகிறது. அரசுக்குப் பிரீமியம் கட்டணம் செலுத்தி இன்னும் தளம் ஏற்றினால் பங்கு மேலும் சுருங்கும். "இலவசம்" என்ற ஃபிளாட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை இதுதான். அந்த 200 அடிக்கு ஈடாகப் பெரிய வீடா, ரொக்கமா என்று பேரம் பேசுங்கள்.

அடுத்தது பவர் பத்திரம். முழுக் கட்டடத்துக்கும் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்தால், உங்கள் பங்கையும் அடமானம் வைக்க வழி திறந்துவிடுவீர்கள். பில்டருக்குச் சேரவேண்டிய ஃபிளாட்டுகளுக்கு மட்டும் பவர் கொடுங்கள். அடமான உரிமை கிடையாது என்று எழுத்தில் வரவேண்டும். பிளான் அனுமதி கைக்கு வராமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். இடித்த பிறகு பில்டரின் கையில் பணம் வற்றினால் முதலில் நிற்பது உங்கள் வாடகைப் பணம்தான். எழுபது வயதில் வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு கோர்ட்டுக்கு அலைய முடியுமா? வங்கி உத்தரவாதம் கேளுங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெரா பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். மனை 500 சதுர மீட்டரையும் ஃபிளாட்டுகள் எட்டையும் தாண்டாவிட்டால் அங்கே பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு 446 சதுர மீட்டர்தான். மேலே போட்ட கணக்கில் உள்ள கட்டடம் அந்த வலைக்குள் வரவே வராது.

ஃபிளாட் உரிமையாளர் சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதும் ஆபத்து. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் நடக்கும். உங்கள் ஒருவர் மறுப்பு எதையும் நிறுத்தாது. நிபந்தனைகள் பேசப்படும்போதே அங்கே இருங்கள்.

புதிதாக வாங்க வருபவர்களுக்கும் சொல்கிறேன். தி.நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். 2021 நவம்பர் மழையில் ஜி.என். செட்டி சாலை வட்டாரத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை மறந்துவிடாதீர்கள். மின் பலகையும் ஜெனரேட்டரும் எந்த உயரத்தில் என்று கேளுங்கள். ஒப்புதல் பெற்ற பிளானை வாங்கி மாடிகளை எண்ணுங்கள். 2017 மே 31-ல் உஸ்மான் சாலையில் தீப்பிடித்து, ஒரு நாளுக்கும் மேல் எரிந்து, கடைசியில் இடிக்கப்பட்ட துணிக்கடைக் கட்டடத்தில் அனுமதியை மீறிய மாடிகள் இருந்தன. மொட்டைமாடியில் பிளானில் இல்லாத ஒரு வீட்டைக் குறைந்த விலைக்குக் காட்டினால் வாங்கவே வாங்காதீர்கள்.

பில்டர் அனுப்பும் வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டுவது போதாது. உங்கள் செலவில், உங்கள் வக்கீலிடம், வரிக்கு வரி படித்துக் கேளுங்கள். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.