முதல் பணம் ஸ்பீக்கருக்கே

வீட்டில் பாட்டுக் கேட்க முதன்முதலாக ஸ்டீரியோ வாங்கப் போகிறவர், கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்பதைத்தான். பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது கேட்க வேண்டியது வேறு: இந்தப் பணத்தில் ஸ்பீக்கருக்கு எவ்வளவு போகிறது? பாதிக்கு மேல் போக வேண்டும். கையில் 20,000 ரூபாய் இருந்தால் 12,000 ரூபாயை ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஆம்ப்ளிஃபயர், ஒயர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதுதான் கணக்கு. இது வெறும் ரசனை சார்ந்த யோசனை அல்ல. ஒலி எங்கே கெடுகிறது என்று பார்த்தால் தானாக வந்து நிற்கும் முடிவு.

ஃபோனிலோ சிடியிலோ எண்களாகக் கிடக்கும் பாட்டு மின்னலையாக மாறி, ஆம்ப்ளிஃபயரில் வலுவேறி, ஒயர் வழியே போகும்வரை எல்லாமே மின்சாரத்தின் வேலை. அதை ஏறக்குறையக் குறையில்லாமல் செய்ய இன்றைய மின்னணுவியலுக்குத் தெரியும். ஸ்பீக்கரில்தான் மின்சாரம் அசைவாகிறது. காந்தத்தின் இடுக்கில் நிற்கும் கம்பிச்சுருள் முன்னும் பின்னும் ஆட, அதோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. 1925-ல் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் விவரித்த இந்த அமைப்பு அடிப்படையில் இன்னும் மாறவில்லை. எடையுள்ள ஒரு பொருளை நொடிக்குப் பல நூறு முறை ஆட்ட வேண்டும், வேண்டிய கணத்தில் நிறுத்தவும் வேண்டும். கூம்பு நெளிகிறது, பெட்டி சேர்ந்து அதிர்கிறது. ஒழுங்காகச் செய்யப்பட்ட சாதாரண ஆம்ப்ளிஃபயர் கூட 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே ஒலியைச் சிதைக்கும். சின்ன ஸ்பீக்கர் சத்தமாக பேஸ் வாசிக்கையில் சிதைவு பல சதவீதத்தைத் தொடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் ஃப்ளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று தெரியாதபடி மறைத்து வைத்துப் பலரைக் கேட்க வைத்தார். 1985, 86-ல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, எல்லா அதிர்வெண்களையும் ஏற்ற இறக்கமின்றிச் சீராகத் தரும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ஆக, நல்ல ஸ்பீக்கர் என்பது ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் மட்டுமல்ல. அளந்தும் பார்க்க முடியும்.

வாட்ஸ் குறைந்தால் சத்தம் போதாதே என்பார்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 87 டெசிபல் தருவது சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். இரண்டு பேர் பேசிக்கொள்வது 60 டெசிபலை ஒட்டித்தான் வரும். வழக்கமான சத்தத்தில் பாட்டுக் கேட்கையில் சராசரியாக 1 வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. தவில் அடி விழும் அந்த ஒரு கணத்துக்கு 20 வாட் வரை தேவைப்படலாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே ஸ்பீக்கர் ஒன்றுக்கு, தொடர்ந்து தரும் திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். கணக்கில் 30 முதல் 50 வாட் இருந்தால் நடுத்தர அறைக்குத் தாராளம். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் மிரட்டும் பி.எம்.பி.ஓ. எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது.

இன்னொரு வாதம் கனமானது: மூலமே மோசமென்றால் ஸ்பீக்கர் என்ன செய்யும்? 1970-களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் ரெக்கார்டு பிளேயரே முதன்மை என்று இப்படித்தான் வாதிட்டது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் ரெக்கார்டு பிளேயரும் அசைந்து வேலை செய்யும் கருவி. ஊசியும் மோட்டாரும் தம் பங்குக்கு ஒலியைக் கெடுத்தன. 1982-ல் விற்பனைக்கு வந்த சிடி, 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 96 டெசிபல் வீச்சைக் கொடுத்து அந்தக் கவலையைத் தீர்த்தது. இன்று கையில் இருக்கும் ஃபோனும் முதல் ஸ்டீரியோவுக்குப் போதுமான மூலம்தான். அதே விலையில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபருமாக ஹோம் தியேட்டர் கிடைக்கிறதே என்றால், அங்கே அதே பணம் ஆறு பெட்டிகளுக்குப் பங்கு போகிறது. பாட்டுக்கு இரண்டு நல்ல பெட்டிகள் போதும். ஒயருக்கும் கற்பனை விலை கொடுக்க வேண்டியதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 3 மீட்டர் ஓடினால், போகவர மொத்தத் தடை 0.07 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஒரு சதவீதம் கூட இல்லை.

ஸ்பீக்கருக்கு அடுத்தபடி ஒலியை மாற்றுவது அறை. பத்தடி அகல அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸ் அலை சிக்கிக்கொண்டு முழங்கும். சுவரோரம் அது வீங்கியும், நட்டநடுவே காணாமலும் போகும். நாற்காலியை இரண்டடி நகர்த்தினாலே பேஸ் மாறுவது இதனால்தான். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து விலக்கி, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி வைத்து, இரண்டும் நீங்களும் சம பக்க முக்கோணமாக அமைவதற்குக் காசு செலவில்லை. டைல்ஸ் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்தால் கூச்சலும் கொஞ்சம் அடங்கும். ஒரு பக்கம் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருந்தால் பேஸ் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் இடம் தெரியாமல் சிதறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பட்ஜெட் இன்னும் குறைவென்றால் பழைய ஸ்பீக்கர் வாங்கலாம். கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: நுரைப்பஞ்சு என்றால் வருடங்கள் போகப்போகப் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும், ரப்பர் என்றால் நாள்பட உழைக்கும். புதிதோ பழையதோ, இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்கப் பாடுவதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். பழகிய பாட்டில் ஒரு மனிதக் குரல் தனித்து ஒலிக்கும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். மனிதர் பேச்சைத் தினமும் கேட்டுப் பழகிய காது, குரலில் கலந்த கலப்படத்தைத்தான் மற்ற எதையும்விட முதலில் கண்டுபிடிக்கும்.