கரி எஞ்சின் காலமும் வந்தே பாரத் காலமும்

ரயிலின் இரண்டு காலங்களையும் ஒரே பகலில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சென்னையில் ஐ.சி.எஃப். பக்கம் போனால் போதும். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த அந்தப் பெட்டித் தொழிற்சாலையில்தான் 2018ல் முதல் வந்தே பாரத் ரயில் உருவானது. அதே வளாகத்தை ஒட்டி, 2002ல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில், கரியும் தண்ணீரும் குடித்து ஓடிய பழைய எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. ஊட்டி ரயிலின் பழைய பெட்டிகளும் அங்கே உண்டு. பிள்ளைகளுக்குச் சிறு ரயில் ஓடுகிறது. பள்ளி விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாக வந்து, ஒரு சுற்றுப் பார்த்து, எஞ்சின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் மூன்று தலைமுறை சேர்ந்து போனோம். பெரியப்பா மீட்டர் கேஜில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராக ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். தம்பி மகளுக்கு ஒன்பது வயது. நீராவி எஞ்சினின் கேபினுக்குள் எட்டிப் பார்த்தவள், "ஸ்டியரிங் எங்கே தாத்தா?" என்றாள்.

"தண்டவாளம் எப்படிப் போகுதோ வண்டியும் அப்படித்தான் போகும் கண்ணு. டிரைவர் கையிலே இருக்கிறது வேகமும் பிரேக்கும்தான்" என்றார் பெரியப்பா. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு எஞ்சினின் பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். பின்னால் இருக்கும் டெண்டர் பெட்டியில் கரியும் தண்ணீரும். கேபினுக்கு முன்னால் நெருப்பு எரியும் பெட்டி. அங்கிருந்து கிளம்பும் சூடு, பாய்லருக்குள் ஓடும் குழாய்கள் வழியாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கொதித்த நீராவி முன்னால் இருக்கும் சிலிண்டருக்கு இறங்கி, பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும். பிஸ்டனோடு சேர்ந்த இரும்புத் தண்டு பெரிய சக்கரத்தைச் சுழற்றும். வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியாகப் பாய்ந்து வெளியேறும்போது நெருப்புக்குள் காற்றை இழுத்துவிட்டுப் போகும். வண்டி வேகமெடுக்க எடுக்க நெருப்பும் தானாகவே கொழுந்துவிட்டு எரியும். 'குப் குப்' என்று நாம் கேட்ட சத்தம் அந்த நீராவி வெளியேறும் சத்தம்தான்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது முழுக்கப் புரிந்தது. நெருப்பில் பிறந்த சக்தி சக்கரத்துக்கு வந்து சேரும் வழியை விரல் வைத்துத் தொட்டுக் காட்ட முடிந்த கடைசி ரயில் அதுதான்.

தமிழ்நாட்டில் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அன்றிலிருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நெடுந்தூரப் பாதைகளில் கரி எஞ்சின் ராஜ்ஜியம்தான். சென்னை கடற்கரை–தாம்பரம் பாதைக்கு 1931லேயே மின்சாரம் வந்துவிட்டாலும், தாம்பரத்தைத் தாண்டிப் புகைதான். மின்கம்பி பின்னர் விழுப்புரம் வரை நீண்டபோது, தெற்கே போகும் வண்டிகள் அங்கே நின்று எஞ்சின் மாற்றிக்கொண்டன. அந்த இடைவேளையில் இறங்கிச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கியதை இன்றும் சொல்கிற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அந்தப் பயணத்துக்கு ஒரு விலை இருந்தது. ஜன்னலோரம் எஞ்சின் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கரித்துகள் கண்ணில் விழும். வெள்ளைச் சட்டையோடு ஏறியவர் கறுத்த சட்டையோடு இறங்குவார். ஆனால் பயணி பட்டது ஒரு பங்கென்றால் எஞ்சினில் நின்றவர்கள் பட்டது நூறு பங்கு. வண்டி கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே ஷெட்டில் நெருப்பு மூட்டியாக வேண்டும். ஓட்டத்தில் டன் கணக்கில் கரியை மண்வாரியால் அள்ளிப் போட வேண்டும். அதையும் கொட்டிக் குவிக்கக் கூடாது. எரியும் பரப்பில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று பார்த்து விசிற வேண்டும். முகத்துக்கு நேரே அனல், முதுகுக்குப் பின்னால் மழையும் காற்றும். நீண்ட பாய்லர் முன்னால் மறைப்பதால், கைகாட்டி விழுந்திருக்கிறதா என்று பார்க்க டிரைவர் பக்கவாட்டில் தலையை நீட்டியே ஓட்டுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தண்ணீர். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் தகடு பழுத்து, பாய்லர் வெடிக்கும். அதற்குக் காவலாக அந்தத் தகட்டிலேயே ஈயம் அடைத்த ஒரு திருகு வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் ஈயம் முதலில் உருகி, நீராவி நெருப்பின் மேல் பீய்ச்சி எச்சரிக்கும். "ஈயத்தை உருக்கினவன்னு பேர் வாங்கினா ஷெட்டிலே தலைநிமிர்ந்து நடக்க முடியாது" என்றார் பெரியப்பா. அதனால்தான் கேபினில் இருக்கும் தண்ணீர் காட்டும் கண்ணாடிக் குழாயை நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பார்களாம். அருங்காட்சியகத்திலும் அவர் கை அந்தக் குழாய் இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் போனது.

இத்தனை பாடுபட்டும் கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்கு வந்து சேராது. மீதியெல்லாம் சூடாகவும் புகையாகவும் வீண். மாற்றம் வந்ததற்கு முதற்காரணம் இதுதான். 1962ல் அமெரிக்காவிலிருந்து வந்து, பிறகு வாராணசியிலேயே கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் 2,600 குதிரைத்திறன் கொண்டது. நெருப்பு மூட்டாமலே கிளப்பலாம், தண்ணீருக்கு நிற்க வேண்டாம், மண்வாரி வேண்டாம். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950லிருந்து 2,351 நீராவி எஞ்சின்களைக் கட்டிவிட்டு 1972ல் அந்த வேலையை நிறுத்தியது. அகலப் பாதையில் 1995 டிசம்பரோடு நீராவி ஓட்டம் முடிந்தது. சில ஆண்டுகளில் மீட்டர் கேஜிலும் ஓய்ந்தது.

இன்று வந்தே பாரத்தில் தனியாக எஞ்சினே கிடையாது. மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் வாங்கி, பெட்டிகளின் அடியில் இருக்கும் மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. சென்னை–மைசூரு வண்டி 2022 நவம்பரில் ஓடத் தொடங்கியது. மூடிய கண்ணாடி, குளிர்ந்த காற்று, புகையும் இல்லை, தூசியும் இல்லை. ஃபயர்மேன் என்ற பதவி போய், உதவி லோகோ பைலட் வந்துவிட்டார். கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, ஷண்டராகி, டிரைவர் ஆன பழைய ஏணி இல்லை. அந்த ஏணியில் ஏற இடமே பெறாத பெண்கள் இன்று வண்டி ஓட்டுகிறார்கள். ஆசியாவின் முதல் பெண் லோகோ பைலட்டான சுரேகா யாதவ் 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத்தை ஓட்டிவந்தார்.

இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். மனிதனை நெருப்பின் முன் நிறுத்தி வாட்டிய வேலை ஒழிந்தது நல்லதுதான். அந்தக் காலம்போல வருமா என்று ஏங்குகிறவர்கள் மண்வாரி பிடித்த கையை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் எஞ்சினோடு சேர்த்து அதன் அறிவையும் கழித்துக் கட்டிவிடக் கூடாது. நீராவியை உயிரோடு வைத்திருக்க முடியும் என்று நம் ஊர்ப் பணிமனைகளே காட்டியிருக்கின்றன. 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 எஞ்சின் நூறு ஆண்டுக்கு மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. அதை 2010ல் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் மறுபடி ஓடவைத்தார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு வேண்டிய பல்சக்கர நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிதாகவே கட்டித் தந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஒரு காலத்தில் செய்து வாங்கிய எஞ்சினைத் திருச்சியிலேயே கட்டியிருக்கிறார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை.

இரும்பைக் காப்பாற்றியாகிவிட்டது. மனிதர்களின் நினைவைக் காப்பாற்றும் வேலைதான் பாக்கி. பொதுவாக அருங்காட்சியகப் பலகைகள் எஞ்சின் எந்த ஆண்டில், எங்கே கட்டப்பட்டது என்று சொல்கின்றன. எந்தக் கைப்பிடி எதற்கு, எந்தச் சத்தம் வந்தால் என்ன கோளாறு என்பதை ஓட்டியவர்தான் சொல்ல முடியும். அன்று பெரியப்பா பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் முன்பின் தெரியாத குடும்பங்களும் சுற்றி நின்று கேட்டன. பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வேலைக்குச் சேர்ந்த அந்தத் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஓய்வு பெற்ற ஓட்டுநர்களை மாதம் ஒருமுறை அழைத்து, எஞ்சின் அருகில் பேச வைக்க அருங்காட்சியகங்களுக்குப் பெரிய செலவு ஆகாது.

அதுவரை நாமே தொடங்கலாம். விழுப்புரம், ஜோலார்பேட்டை, அரக்கோணம், ஈரோடு, மதுரை, பொன்மலை என்று ரயில்வே ஊர்களில் வேர் உள்ள குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கரி எஞ்சினில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், இந்த விடுமுறையிலேயே அவரைப் பிள்ளைகளோடு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து வையுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.