கடனை அடைத்து மூடிய கம்பனி

தொமஸ் சொப்வித் 1912இல் இங்கிலாந்தின் கிங்ஸ்டன் நகரில் பழைய ஸ்கேட்டிங் மண்டபமொன்றில் விமானத் தொழிற்சாலை ஆரம்பித்தார். முதலாம் உலகப் போரில் அவரது 'கெமல்' ரகப் போர் விமானங்கள் மட்டும் 5,000க்கு மேல் தயாராகின. ஆனால் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம் ஒன்றுதான். 1918இல் போர் முடிந்ததும் ஓடர்கள் நின்றன. மோட்டார் சைக்கிள் செய்து பார்த்தும் சரிவரவில்லை. போர்க்கால இலாபத்துக்கான வரியும் கழுத்தை நெரித்தது.

வங்குரோத்தாகும்வரை காத்திராமல், 1920இல் கம்பனியைத் தாமாகவே மூடி, கடன் கொடுத்தோருக்கு முழுமையாகச் செலுத்தினார். அதே ஆண்டு, தனது விமானி ஹரி ஹோக்கரின் பெயரில் புதிய கம்பனி பிறந்தது. அக்கம்பனி 1936இல் அரசாங்க ஒப்பந்தம் வருமுன்பே 1,000 'ஹரிக்கேன்' விமானங்களுக்கு ஆயத்தமானது. 1940இல் பிரிட்டனின் வானைக் காத்தவற்றில் அவையே அதிகம்.

ஒரே வாடிக்கையாளரை நம்புவது ஆபத்து. அப்படி விழுந்தாலும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவருக்குச் சந்தையில் மீண்டும் இடமுண்டு.