புகைக்குப் பதில் தண்ணீர்

டொயோட்டாவின் மிராய் காரில் ‘எச்2ஓ’ என்றொரு பொத்தான் உண்டு. வண்டியை உள்ளே நிறுத்துமுன் அதை அழுத்தினால், அடியில் தேங்கிய தண்ணீர் வெளியிலேயே கொட்டிவிடும்; கார் ஷெட்டின் தரை நனையாது. இந்தக் காரின் கழிவு அவ்வளவுதான்.

2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மிராய், ஹைட்ரஜனில் ஓடுகிறது. ஆனால் அதை எரிப்பதில்லை. எரிபொருள் கலத்துக்குள் ஒரு மெல்லிய சவ்வு, அதன் இருபுறமும் பிளாட்டினம். அதில் பட்ட ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானுக்கு மட்டும் வழிவிடும்; எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போயாக வேண்டும். அப்படிச் சுற்றிப் போவதுதான் மோட்டாரை ஓட்டும் மின்சாரம். மறுபக்கத்தில் இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர, தண்ணீர் பிறக்கிறது. ஒரு கலம் ஒரு வோல்ட்கூடத் தராது என்பதால், 2020இல் வந்த இரண்டாவது மிராயில் 330 கலங்களை அடுக்கினார்கள். தத்துவம் பழசு, விஞ்ஞானி வில்லியம் குரோவ் 1839இலேயே கண்டுபிடித்தது.

டாங்கியில் பிடிப்பது 5.6 கிலோ வாயு. காற்றழுத்தத்தைப்போல் 700 மடங்கு அழுத்தி அடைக்கிறார்கள். அடைக்கும்போது சூடேறும் என்பதால் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்தே செலுத்துகிறார்கள். ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும், உண்மைதான். ஆனால் ஈரக்காற்று அடிக்கும் நாளில் குழாய் முனை பனிபிடித்துக் காரோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. இளகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்!

இயந்திரம் அழகு; கணக்குதான் உதைக்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 50 யூனிட் செலவாகும். அழுத்தவும் குளிர்விக்கவும் ஆகும் செலவு தனி. அந்த ஒரு கிலோவில் மிராய் 100 கிலோமீட்டரும் சொச்சமும் ஓடும். அதே 50 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால் மின்சாரக் கார் 300 கிலோமீட்டர் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. அப்போது கார் கக்காத கரியமில வாயுவை ஆலை கக்குகிறது.

கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் 2024இல் மூடிவிட்டது. குடும்பக் காரைப் பொறுத்தவரை பந்தயத்தில் பேட்டரி ஜெயித்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது. கனரக லாரியிலும் மின்கம்பி போடாத ரயில் பாதையிலும்தான் ஹைட்ரஜனுக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதைக்கான ஹைட்ரஜன் ரயில் பெட்டிகள் உருவானது நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில்தான்.