பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கி: லேத் பட்டறையில் ரிப்பேர் பண்ணலாமா?

பரணைச் சுத்தம் செய்யும்போது துணி சுற்றிய பழைய துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது. முழுக்கத் துரு, லீவர் அசையவே இல்லை. ‘வெறும் இரும்புதானே, லேத்ல கொடுத்தா சரி பண்ணிடுவாங்க’ என்று தோன்றலாம். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பைக் கடையத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த ஒரு வேலையை மட்டும் அங்கே கொடுத்துடாதீங்க. ஏன்?

லீவர் துப்பாக்கி என்றால் என்ன?

கௌபாய் படங்களில் ஹீரோ துப்பாக்கியின் அடியில் இருக்கும் வளையத்தைத் தள்ளி இழுப்பாரே, அதுதான். தள்ளினால் காலித் தோட்டா வெளியே விழும். இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873, 1894 மாடல்கள் இதில் உலகப் புகழ் பெற்றவை.

நம்ம பக்கத்துக் காடுகளும் இதைப் பார்த்திருக்கின்றன. ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதிய பெங்களூரு வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பயன்படுத்தியது 405 ரக வின்செஸ்டர். அது 1895 மாடல் லீவர் துப்பாக்கி.

பழசுக்கு லைசென்ஸ் தேவையில்லையா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழங்கால ஆயுதங்களுக்கும் பழுதான ஆயுதங்களுக்கும் விலக்கு தருவது உண்மைதான். ஆனால் ஒரு நிபந்தனை: ரிப்பேர் செய்தாலும்கூட அதைச் சுடப் பயன்படுத்த முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும்.

அதாவது, ‘இப்போ வேலை செய்யல’ என்பது போதாது. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், நூறு வருடப் பழசாக இருந்தாலும் அதற்கு லைசென்ஸ் வேண்டும்.

ரிப்பேர் செய்தால் யார் மாட்டுவார்கள்?

ரிப்பேர் செய்பவருக்கும் அதற்கான உரிமம் வேண்டும் என்கிறது 5-வது பிரிவு. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். உங்களுக்கு உதவப்போன லேத்காரர்தான் இதில் முதலில் சிக்குவார்.

அப்போ என்ன செய்யணும்?

* லீவரையோ விசையையோ அசைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம்.
* தாத்தாவின் லைசென்ஸ் தானாக உங்கள் பெயருக்கு மாறாது. துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். முதலில் போன் செய்து தகவல் சொல்லிவிடுவது நல்லது.
* வைத்துக்கொள்ள விருப்பமா? வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன் இது 3.

லைசென்ஸ் இருக்கு, எப்படிப் பராமரிப்பது?

உரிமம் பெற்ற டீலரிடம் காட்டி, தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. துருவோடு சேர்ந்து பழைய நிறமும், நிறுவன முத்திரையும், வரிசை எண்ணும் போய்விடும். மெல்லிய எண்ணெய் தொட்ட மென்மையான துணி போதும். கை வியர்வையும் உப்புதான், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

‘ஒரே ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமா’ என்ற ஆசை வேண்டாம். 1873 மாடல் கரும்பொடித் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. இன்றைய புகையில்லா வெடிமருந்து தரும் அதிக அழுத்தத்தில் பழைய இரும்பு வெடித்துச் சிதறலாம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே பழம்பொருட்களைக் காக்கும் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே உலோகப் பொருள் எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்: அரிப்பை நிறுத்துவது, இருக்கிற நிலையிலேயே காப்பது. திரும்ப ஓட வைப்பது அல்ல. வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் அதுவே போதும்.