கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே முதல்நிலை மருத்துவம்

இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தலைக்கணக்கே தீர்மானிக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பதும், அதற்கும் கீழே கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பில் இயங்கும் துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒன்று என்பதும் நெடுங்காலமாக நடப்பில் உள்ள விதிமுறைகள். சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 40,000 பேர் வாழும் ஏற்காடு வட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் கணக்கு ஏறக்குறையப் பொருந்திவிடும்: ஏற்காட்டில் அரசு மருத்துவமனை, நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், சிற்றூர்களில் துணை நிலையங்கள், மேல்சிகிச்சைக்கு மலைக்குக் கீழே சேலம் நகரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் தலைக்கணக்கில் மலைச்சரிவுகள் சேர்வதில்லை. ஏற்காடு வட்டத்தில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்தவரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களின் மரபுக்கதை. சாமையும் கேழ்வரகும் விளைவித்துவந்த குடும்பங்களில் பலர் இன்று காபித் தோட்டங்களில் நாள்கூலிக்குப் போகிறார்கள், அவர்களுடைய ஊர்களோ எஸ்டேட்டுகளுக்கு இடையிலும் அவற்றுக்கு அப்பாலும் மலைமடிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. இவர்களுக்கு மருத்துவரைப் பார்ப்பது என்றால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும், திரும்பும் பேருந்தையும் தவறவிடக் கூடாது. சேலத்துக்கே அனுப்பிவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும். இவ்வளவு செலவழித்துப் போய்ச் சேரும் நோயாளிக்கு அங்கே கிடைப்பது என்ன என்ற கேள்வி, நிலையம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியைவிட இப்போது முக்கியமானது.

இப்போது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலையத்தை எட்டுவது என்ற முதல் தடையைத் தமிழ்நாடு பெருமளவு கடந்துவிட்ட மாநிலம். 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய பழைய சென்னை மாகாணத்தின் வழிவந்தது அது. 1994-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கடைக்கோடி நிலையம்வரை அனுப்புகிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன. அதே ஆய்வில் மற்றொரு எண்ணும் இருக்கிறது: கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 48 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மருத்துவ நிலையத்துக்குப் போகாதவர் அநேகமாக எவருமே இல்லை எனும்போதும், ஏறக்குறையப் பாதிப் பேர் இரத்தம் குறைந்தவர்களாகவே இருக்கிறார்கள். வறுமையும் உணவும் அதற்குப் பெரும் காரணங்கள்தாம். எனினும் பல மாதங்கள் மருத்துவத் துறையின் கண்காணிப்பிலேயே இருக்கும் ஒரு பெண்ணின் குறை தீராமல் போவதில் கண்காணிப்பின் தரத்துக்கும் பங்கு உண்டு.

மருத்துவத்தின் தரம் என்பது கட்டடத்தையோ கருவிகளையோ மட்டும் குறிப்பதன்று. நோயாளியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, தொட்டுப் பார்க்க வேண்டியதைப் பார்த்து, தேவையான மருந்தைத் தந்து, தேவையற்றதைத் தவிர்ப்பதே அதன் உள்ளடக்கம். இதை அளக்க ஆய்வாளர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். கற்பனை நோயாளி ஒருவரின் கதையைச் சொல்லி, என்ன கேட்பீர்கள், என்ன மருந்து எழுதுவீர்கள் என்று மருத்துவரிடமே கேட்பது ஒன்று; அது அவருடைய அறிவை அளக்கும். நோயாளியைப் போல நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை, முன்கூட்டியே மருத்துவரின் பொது ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, இன்னார் என்று தெரியாதபடி அனுப்புவது மற்றொன்று. அது அவருடைய செயலை அளக்கும். பொருளியலாளர்கள் ஜிஷ்ணு தாஸும் ஜெஃப்ரி ஹாமரும் டெல்லியில் முதல் வழியோடு மருத்துவர்களின் அருகில் அமர்ந்து கவனிப்பதையும் சேர்த்துச் செய்த ஆய்வுகளில் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன: ஏழைகள் வாழும் பகுதிகளில் கிடைத்த மருத்துவர்கள் வசதியான பகுதிகளில் கிடைத்தவர்களைவிடத் திறமை குறைந்தவர்கள், அதற்கும் மேலாக, தெரிந்ததைக்கூட மருத்துவர்கள் முழுமையாகச் செய்வதில்லை.

குழந்தையின் வயிற்றுப்போக்கையே எடுத்துக்கொள்ளலாம். மலத்தில் இரத்தமோ சளியோ இருக்கிறதா, குழந்தை சிறுநீர் கழித்து எவ்வளவு நேரமாயிற்று, தாய்ப்பால் குடிக்கிறதா என்று கேட்டு, கண் குழிந்திருக்கிறதா என்று பார்த்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே சமநிலைக்கு வருகிறதா என்று சோதிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் போதும். மத்தியப் பிரதேசக் கிராமங்களில் நடிப்பு நோயாளிகளை அனுப்பிச் செய்த ஆய்வில் ஒரு சந்திப்புக்குச் சராசரியாக நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரமே கிடைத்தது, சரியான நோயறிதல் அரிதாகவே நிகழ்ந்தது. அதே ஆய்வாளர்கள் அரசு மருத்துவர்களை அரசு நிலையத்திலும், பணி நேரத்துக்கு வெளியே அவர்கள் நடத்தும் சொந்தக் கிளினிக்கிலும் தனித்தனியே ஒப்பிட்டபோது, ஒரே மருத்துவர் தம் கிளினிக்கில் கூடுதல் நேரம் செலவிட்டு, கூடுதல் கேள்விகள் கேட்டு, சரியான சிகிச்சையையும் கூடுதலாகத் தந்தார். படிப்பு ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான்.

2018-இல் உலக அளவில் வெளியான கணக்கு ஒன்று இதன் விலையைக் காட்டுகிறது: குறைந்த, நடுத்தர வருவாய் கொண்ட நாடுகளில் நல்ல மருத்துவத்தால் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 86 லட்சம், அவற்றில் 36 லட்சம் பேர் மருத்துவத்தை எட்டாமலே இறந்தவர்கள், மீதி 50 லட்சம் பேர் எட்டியும் தரக்குறைவால் இறந்தவர்கள்.

வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் குறைந்தும் தேவை குறைந்த இடத்தில் மிகுந்தும் கிடைக்கும் நிலையை 1971-இல் தலைகீழ் விதி என்று வகுத்துக் காட்டினார். சேர்வராயன் போன்ற மலைகளில் அந்த விதி, மருத்துவர் ஓரிடத்தில் தங்கும் காலத்தின் வழியாகவும் செயல்படுகிறது. மலை போன்ற கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் அதிகபட்சம் 30 சதவீதம்வரை ஊக்க மதிப்பெண் தர மத்திய விதிகள் இடமளிக்கின்றன. இளம் மருத்துவர்களை மலைக்கு வரவழைப்பதில் இது பலன் தரும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை; ஆனால் மதிப்பெண் நிறைந்தவுடன் இறங்கிப் போவதற்கான காரணத்தையும் இதே ஏற்பாடு கையில் கொடுத்துவிடுகிறது. மருத்துவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் அரசு வகுத்த வழியில்தான் நடக்கிறார்கள். ஆயினும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதிய மருத்துவரைச் சந்திக்கும் ஊரில், முந்தையவர் அறிந்துவைத்திருந்த எதுவும் அடுத்தவருக்குச் சேருவதில்லை.

இது எங்கே இடிக்கிறது என்பதற்கு மீண்டும் இரத்தசோகைக்கே வரலாம். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது சோகை. செவிலியர் 9 என்று அட்டையில் எழுதி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டால் பதிவேட்டின் பார்வையில் பணி முடிந்தது. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதா, மலம் கறுப்பதைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டாரா என்று அடுத்த முறை கேட்க வேண்டும். காலையில் காபியோடோ தேநீரோடோ விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது என்பதை, காபி விளையும் மலையில் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். நான்கு வாரத்தில் எண் ஏறவில்லை என்றால் சிரை வழியாக இரும்பு ஏற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். பழங்குடியினரிடையே அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை நோய்க்கும் இடமுண்டு என்பதால் (அதற்கான தேசிய இயக்கமே 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது) அந்தச் சோதனையும் நடந்திருக்க வேண்டும், ஏனெனில் அந்த நோய்க்கு இரும்பு மாத்திரை மருந்தாகாது. இவற்றில் எதற்கும் பெரிய கருவி வேண்டியதில்லை. சென்ற மாதம் பார்த்த ஆளே இந்த மாதமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள்பட்ட நோய்களிலும் இதே கேள்விதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருவதால், மலைவாழ் முதியோருக்குப் பயணத்தையும் கூலி இழப்பையும் மிச்சப்படுத்துகிறது. மாத்திரை வந்தும் இரத்த அழுத்தம் இறங்காதபோது அளவை மாற்றுவது யார் என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது; அதற்கு மருத்துவரின் கண் மீண்டும் படவேண்டும்.

ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பதற்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சேர்வராயனுக்குக் கிழக்கே, தருமபுரி மாவட்டத்தின் சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் இதே மலையாளிப் பழங்குடியினரிடையே 1993-இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. பின்னர் அந்த எண் பல மடங்கு குறைந்தது. இருவரும் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கியதை அரசாணை போட்டு எங்கும் நிகழ்த்திவிட முடியாது. அவர்கள் செய்த மற்றொன்றை நிகழ்த்த முடியும்: உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள், மாற்றலில் போக வேறு ஊர் இல்லாத அந்தப் பெண்களே அடுத்த மாதமும் அதே வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தமிழ்நாட்டில் ஆஷா எனப்படும் கிராமப் பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடியினர் பகுதிகளில் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களும் உள்ளூர்ப் பெண்கள்தாம். சித்திலிங்கியில் அத்தகைய பெண்கள் மருத்துவமனையின் ஊழியர்கள். ஆஷாக்களோ, செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள் என்றே அரசுக் கோப்புகளில் இன்றும் எழுதப்படுகிறார்கள்.